சத்தமில்லாம எறங்குன லாரி

எங்க லாரி விடற பொகையை அளக்கறதுக்குக் கடல் தாண்டி ஆளுங்க வந்தாங்கன்னு சொன்னா, என் மருமவன் இன்னைக்கும் சிரிக்கறாரு. சிரிக்கட்டும். அவருக்கு என்ன தெரியும்? ரெண்டாயிரம் பொறந்து கொஞ்ச வருசம் ஆயிருக்கும். மழை முடிஞ்ச சமயம். முள்ளுக்குறிச்சிக்குப் பக்கத்துல ஒரு பழைய கெடங்கை வாடகைக்குப் புடிச்சு அவங்க வந்து எறங்குனாங்க. வெள்ளைக்காரப் பொம்பளை ஒருத்தி, இன்ஜினியரு. ஜப்பான்காரரு ஒருத்தரு, வாயே தெறக்க மாட்டாரு. டில்லி ஆபீசரு ஒருத்தரு. இவங்க பேச்சைத் தமிழ்ல சொல்ல மெட்ராசுக்காரரு ஒருத்தரு.

சரக்கு ஏத்தற வண்டிங்க விடற பொகையில உலகமே சூடாகுதாம். ஒரு நாட்டுப் பொகை இன்னொரு நாட்டு மழையைக் கெடுக்குதாம். ஒருத்தர் மட்டும் கொறச்சாப் பத்தாது, எல்லா நாடும் சேர்ந்து கொறைக்கணும்னு பேசி முடிவு பண்ணியிருக்காங்களாம். மலையேறி எறங்கற வண்டி எப்படி டீசல் குடிக்குதுன்னு பார்க்க எங்க கொல்லிமலை ரோட்டைப் புடிச்சுக்கிட்டாங்க. எனக்குச் சுருக்குனு கோவம் வந்துருச்சு. "ஏனுங்க, எங்க கெழங்கு லாரிப் பொகையா அவங்க ஊரைச் சுடுது?"ன்னு கேட்டேன். மெட்ராசுக்காரரு நெளிஞ்சாரு. அந்தம்மா விடல, நான் என்ன கேட்டேன்னு கேட்டு வாங்கிக்கிட்டா. "இல்ல, எங்க பொகைதான் அதிகம். நாங்க உங்களுக்கு முந்தியே விட ஆரம்பிச்சுட்டோம். அதான் வந்திருக்கோம்"னு சொன்னா. பட்டுனு ஒத்துக்கிட்டதுல அவளை எனக்குப் புடிச்சுப் போச்சு.

அவங்க வேலை பார்க்கற விதமே விசித்திரம். சைலன்சருக்கு ஒரு குழாயை மாட்டி, கண்ணாடி மாதிரி ஒரு பெரிய பையில பொகையைப் புடிப்பாங்க. பை மெல்ல உப்பும். உள்ள கருப்பா எதுவோ சுத்திச் சுத்தி வரும். அப்பறம் வாயைக் கட்டி, கெடங்குக்குள்ள வரிசையாத் தொங்க விடுவாங்க. மூட்டை தூக்கற மலைக்காரங்க அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டாங்க. "வண்டியோட மூச்சைப் புடிச்சுக் கட்டிப் போட்டிருக்காங்க அக்கா. இது நல்லதுக்கில்ல"ம்பாங்க. நான் கேலி பண்ணுவேன். ஆனா தனியா அந்தக் கெடங்குக்குள்ள நானும் போனதில்ல.

எங்கூட்டுக்காரரு சொந்தமா லாரி வெச்சு ஓட்டிக்கிட்டிருந்தாரு. மலையிலிருந்து குச்சிக்கெழங்கு ஏத்திக்கிட்டு வந்து, ஜவ்வரிசி பண்ற சேகோ மில்லுல எறக்குவாரு. நான் சந்தைக்குச் சந்தை பஸ்ஸேறி மலைமேல சோளக்காடுங்கற ஊருக்குப் போயி அன்னாசி, வாழை, மொளகு வாங்கிட்டு வந்து கீழ யாவாரம் பண்ணுவேன். அந்த ஆளுங்க வந்ததுல நல்லதும் நடந்துச்சு, இல்லைன்னு சொல்லல. டயர்ல காத்துக் கொறைய விடாதே, பில்டரைச் சுத்தம் பண்ணு, நிக்கற எடத்துல எஞ்சினை உறும விடாதேன்னு சொல்லிக் குடுத்தாங்க. "மேல போறப்ப ஏன் காலியாப் போறீங்க?"ன்னு கேட்டு, ஒரக்கடைத் தெருவுல பேசி, யூரியா ஒர மூட்டைய ஏத்திட்டுப் போக ஏற்பாடு பண்ணுனாங்க. ஒரு வண்டி போயிட்டு வர்றதுல ரெண்டு வேலை முடிஞ்சுது. அட, இது நம்ம புத்திக்கு எட்டலையேன்னு இருந்துச்சு.

கெட்டது எங்க வந்துச்சுன்னா, போட்டின்னு ஒண்ணு வெச்சாங்க பாருங்க, அங்க. எந்த டிரைவர் கொறைஞ்ச டீசல்ல சரக்கைக் கொண்டுவந்து சேர்க்கறாரோ, அவரை வெளிநாட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்களாம். பல நாட்டு டிரைவருங்க அங்க கூடுவாங்களாம். நம்மாளு அவங்களுக்கு ஓட்டிக் காட்டணுமாம். சேலத்தைத் தாண்டாத மனுசனுக்கு அதுல பித்தம் தலைக்கேறிப் போச்சு. சோறு திங்கும்போதும் டீசல் கணக்கு. புள்ளைங்க பேசுனாக் காது கேக்காது. "வெளிநாட்டுல வேட்டியா பேண்டா?"ன்னு நான் சீண்டுனாக்கூட சிரிக்காம யோசிச்சாரு. வாரா வாரம் அளந்து பார்த்தா அவருதான் முன்னாடி. எப்படிங்கன்னு மத்த டிரைவருங்க கேட்டா, "கை வாக்கு"ன்னு மீசையைத் தடவிக்குவாரு.

அந்தச் சமயத்துலதான் மலையில அந்தச் சாவு.

செத்தவன் குண்டனி நாட்டுக்காரன். மலையில நாலஞ்சு ஊர் சேர்ந்தா அதை நாடும்பாங்க. எனக்கு மொளகும் அன்னாசியும் குடுக்கறவன். என் வயசுதான் இருக்கும், ஆனா அக்கான்னுதான் கூப்புடுவான். வாய் ஓயாது. பேசாத நேரத்துல சீட்டி அடிப்பான். மொளகு மூட்டையத் தலையில வெச்சுக்கிட்டு சோளக்காட்டுக்குக் கெளம்புனவன், குறுக்குத்தடம் ரோட்டைத் தாண்டற எடத்துல, ரோட்டுக்குக் கீழ பள்ளத்துல கெடந்தான். மண்டை ஒடைஞ்சிருந்துச்சு. மூட்டை பிரிஞ்சு மொளகெல்லாம் ரோட்டுல செதறிக் கெடந்துச்சு. வழுக்கி விழுந்துட்டான்னு போலீசு எழுதிட்டுப் போச்சு. ஆனைக்கும் அடி சறுக்கும்னு நானும் அப்படித்தான் நெனச்சேன்.

மலைக்காரங்க ஒத்துக்கல. அவங்க ரோட்டைத் தாண்டற பழக்கமே தனி. வளைவும் மஞ்சு மூட்டமுமா இருக்கற எடத்துல கண்ணை நம்பி என்ன பண்றது? தடம் முடியற எடத்துல நின்னு, மூச்சை அடக்கிக் காது குடுப்பாங்க. ஏறுற வண்டியா, எறங்கற வண்டியா, எந்த வளைவுல வருதுன்னு சத்தத்துலயே சொல்லிருவாங்க. சத்தம் இல்லைன்னா ரோட்டுல வண்டி இல்லை, அவ்வளவுதான். அன்னைக்கு மேட்டுக் காட்டுல களை வெட்டிக்கிட்டிருந்த ஒரு பொம்பளை அவன் சீட்டி அடிச்சுக்கிட்டே எறங்கிப் போறதைக் கேட்டிருக்கா. மஞ்சுல ஆளு தெரியல, சீட்டி மட்டும் கேட்டிருக்கு. தடத்து முனையில ஓஞ்சுருக்கு, காது குடுக்கறான்னு தெரிஞ்சுருக்கு. மறுபடி ஆரம்பிச்சிருக்கு. அப்பறம் பாதியிலயே அறுந்து போச்சாம். "லாரியும் இல்ல, பஸ்ஸும் இல்ல. ஒரு அலறல்கூட இல்ல. பொறவு எங்கயோ கீழ வளைவுல ஏதோ வண்டி உறுமுச்சு. அத்தோட சரி"ன்னா.

சத்தமில்லாம வந்து ஆளை எடுக்கறது காத்து கருப்பாத்தான் இருக்கணும்னு முடிவாயிருச்சு. அது எதுக்கு அவனை எடுக்கணும்? அதுக்கும் காரணம் கண்டுபுடிச்சுட்டாங்க. அந்த ஊர்ல மொளகுல மொதப் பறிப்பைச் சாமிக்கு வெச்சுட்டுத்தான் விக்கணும். அந்த வருசம் கொழந்தைக்குக் காச்சல் வந்து, ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னு, அவன் பொண்டாட்டி சாமிக்கு வெக்கறதுக்கு முந்தியே பறிச்சுட்டா. அந்த மொளகைத்தான் அவன் சொமந்துக்கிட்டுப் போனது. வெறும் வாயை மெல்லுறவங்களுக்கு அவல் கெடச்ச மாதிரி ஆயிப்போச்சு. யாரும் அவளை வையல, ஊரை விட்டுத் தள்ளி வெக்கல. சும்மா ஒதுங்கிட்டாங்க. ஒருத்தர் காட்டுக்கு ஒருத்தர் போயி அறுக்கறதுதான் அங்க வழக்கம். அவ சாமை கதிர் முத்தி உதிர்ந்துச்சு, அறுக்க ஒருத்தரும் வரல. அடுப்பு பத்த வெக்க அவ ஊட்டு நெருப்பை யாரும் வாங்கல, அவளுக்குக் குடுக்கவும் இல்ல.

துக்கம் கேக்க நான் போனப்ப, அவ வாசல்ல உக்காந்து தரையையே பார்த்துக்கிட்டிருந்தா. "நாந்தான் கொன்னுட்டேனுங்க அக்கா"ன்னா. "அடச் சீ, வாயைக் கழுவு"ன்னேன். "இல்லீங்க அக்கா. ஊரே சொல்றது பொய்யாங்க? கொழந்தையக் கூட்டிக்கிட்டு எங்கயாச்சும் போயிடலாம்னு இருக்கேன். நான் இருந்தா இன்னொருத்தரையும் எடுத்துரும்னு பயப்படறாங்க"ன்னா. தாய்வீடும் இல்லாதவ. எங்க போவா? என்ன சொல்லித் தேத்தறதுன்னு தெரியாம, கொழந்தை கையில ஒரு பன்னைக் குடுத்துட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

பஸ்ஸைப் புடிக்க அதே குறுக்குத்தடத்துல எறங்குனேன். சாயங்காலம்கூட ஆகல, ஆனா மஞ்சு எறங்கி நாலடிக்கு அக்கட்டால மரம் தெரியல. அந்தச் சாவுக்கு அப்பறம் யாரும் நடக்காம தடத்துல புல்லு மொளச்சிருந்துச்சு. ரோட்டு ஓரத்துக்கு வந்ததும் கால் தானா நின்னுருச்சு. அவங்களாட்டமே காது குடுத்தேன். எலையில தண்ணி சொட்டற சத்தம். என் நெஞ்சு அடிக்கற சத்தம். வேற ஒண்ணும் இல்ல. சரின்னு ஒரு காலை ரோட்டுல வெச்சேன்.

மூஞ்சியில ஒரு காத்து வந்து மோதுச்சு. அவ்வளவுதான் தெரியும். நான் பின்னால சாஞ்சு புதருக்குள்ள விழுந்துட்டேன். எனக்கு முன்னால மஞ்சுக்குள்ளருந்து ஒரு பெரிய கருப்பு நழுவிப் போகுது. நீளமாப் போகுது, முடியவே மாட்டேங்குது. ஈர ரோட்டுல பாம்பு ஊர்ற மாதிரி ஒரு உரசல், அதுவும் கிட்ட வந்த பொறவுதான் கேட்டுச்சு. அம்மா தாயேன்னு கத்த வாயைத் தொறந்தேன். அப்பப் பின்பலகை தெரிஞ்சுது. போன மாசம் ஒடைஞ்சு, நான் பச்சைப் பெயிண்டு வாங்கிக் குடுத்து அடிக்கச் சொன்ன பலகை. அது எங்க லாரி. வளைவு கிட்டப் போனதும் எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி உசுரு வந்து உறும ஆரம்பிச்சுது. காத்து கருப்புன்னா திருநீறு பூசிக்கலாம். என்னோட ஊட்டுலருந்து கெளம்பி வந்திருக்கறதுக்கு நான் எதைப் பூசிக்குவேன்? பஸ்ஸு வர்ற சத்தம் கேக்கறவரைக்கும் அந்தப் புதரை விட்டு எந்திரிக்கல.

ஊட்டுக்கு வந்தா மனுசன் கயித்துக் கட்டில்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருக்காரு. "எஞ்சினை நிறுத்திட்டு எறங்கறீங்களா?"ன்னேன். சுத்தி வளைக்கல. மொதல்ல இல்லைன்னாரு. அப்பறம், நேர் ரோட்டுல மட்டும்னாரு. எறக்கம்தானே தள்ளிட்டுப் போவுது, டீசல் எதுக்கு? வளைவு வந்தா கியரைப் போட்டு விட்டா எஞ்சின் எந்திரிச்சுக்கும். கீழ நாட்டு ரோட்டுல பாதி டிரைவருங்க பண்றதுதான், மலையிலதான் எவனுக்கும் தைரியம் இல்லைன்னாரு. கை வாக்குங்கறது இதுதான்.

"ஹாரனாவது அடிக்கக் கூடாதா?"

"அது காத்து ஹாரன் புள்ள. பிரேக்குக்கும் அதே டேங்க் காத்துதான். எஞ்சின் நின்னா காத்து ஏறாது. இருக்கறதை பிரேக்குக்கு மிச்சம் வெக்கணும்ல?"

எவ்வளவு வெவரம் பாருங்க. குண்டனி நாட்டுக்காரன் செத்த அன்னைக்கும் அப்படித்தான் எறங்குனீங்களான்னு கேட்டேன். டீ கிளாசைக் கீழ வெச்சாரு. அன்னைக்கு மஞ்சு, பின்னால எடது டயர் எதும்மேலயோ ஏறி எறங்குன மாதிரி இருந்துச்சு, கீழ வந்து பார்த்தா டயர் இடுக்குல மொளகு நசுங்கி வாசம் அடிச்சுதுன்னாரு. "ரோட்டுல காயப் போட்டிருந்த மொளகு மேல ஏத்திட்டேன்னு நெனச்சேன். நெல்லு, சாமை, மொளகு, எல்லாம் ரோட்டுலதானே காயப் போடறாங்க."

"மஞ்சு மூடுன அன்னைக்கு எவ மொளகு காயப் போடுவா?"

அவரு கண்ணைப் பார்த்தேன். இந்தக் கேள்வியை அவரு தனக்குத்தானே ஏற்கெனவே கேட்டுப் பார்த்து, மூடி வெச்சிருக்காருன்னு தெரிஞ்சுது. இத்தனை வருசம் சோறு போட்ட மனுசன் மேல அன்னைக்கு எனக்கு வந்த அருவருப்பு, சொன்னா நம்ப மாட்டீங்க. அதே நேரம் இவரைப் புடிச்சுட்டுப் போயிட்டா எம்புள்ளைங்க கதி என்னன்னும் நெனச்சேன். பழி ஒரு பக்கம் பாவம் ஒரு பக்கம்பாங்க. பழியைச் சொமந்துக்கிட்டு அவ கொழந்தையோட ஊரை விட்டுக் கெளம்பப் போறா. நான் வாயை மூடிட்டாப் போதும், எல்லாம் அடங்கிரும். வாயை மூடற வித்தை எனக்குப் பொறந்ததுலருந்தே வராது.

மறுநா காலையில அவரை இழுத்துக்கிட்டு நேரா கெடங்குக்குப் போனேன். நானே எல்லாத்தையும் கொட்டி, வெள்ளைக்காரம்மாவுக்கு அதை எடுத்துச் சொல்லுங்கன்னு மெட்ராசுக்காரருகிட்ட சொன்னேன். அவரு சொல்லச் சொல்ல அந்தம்மா மொகம் சுண்ணாம்பாப் போச்சு. ஜப்பான்காரரு எந்திரிச்சு ஒரு பேப்பரை எடுத்து என்னமோ கோடு போட்டுக் காட்டுனாரு. அவரு பேசி நான் கேட்டது அன்னைக்குத்தான். கியர்லயே விட்டு, ஆக்சிலேட்டர்லருந்து காலை எடுத்துட்டு எறங்குனா, எஞ்சின் ஓடும், சத்தம் இருக்கும், ஆனா டீசல் கிட்டத்தட்ட எறங்கவே எறங்காதாம். வண்டி பாரமே எஞ்சினைச் சுத்திவிடுமாம். எஞ்சினை நிறுத்துனதுல மிச்சமானதுன்னு சொல்லிக்க ஒண்ணும் இல்லையாம். அவரு மத்தவங்களை முந்துனது டயர் காத்தாலயும் பில்டராலயும் நிதானத்தாலயும்தானாம். எங்கூட்டுக்காரரு சுவத்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. ஒண்ணுமில்லாததுக்கா ஒரு உசுரு போச்சு? நான் அங்கயே ஓன்னு அழுதேன். மேல கட்டியிருந்த பொகைப் பைங்க காத்துல லேசா ஆடிக்கிட்டிருந்துச்சு.

"இதை மொதல்லயே சொல்லித் தந்திருக்கணும். எறக்கத்தைப் பத்தி நாங்க பேசவே இல்ல"ன்னு அந்தம்மா சொன்னா. போட்டியை அன்னைக்கே நிறுத்திட்டாங்க. போலீசுக்குப் போறதுக்கு முந்தி மலைக்குப் போகணும்னு நான் புடிவாதம் புடிச்சேன். ஸ்டேசன்ல எழுதறது அந்த ஊர்க்காரங்க காதுக்கு எட்டுமா? காலி லாரியை எடுத்துக்கிட்டு எல்லாரும் கெளம்புனோம்.

அந்த ஊருக்குத் தலைவரு ஊர்க்கவுண்டரு, அவருகிட்ட நான்தான் பேசுனேன். அவரு பொறுமையாக் கேட்டாரு. கேட்டுட்டு, "லாரி சத்தமில்லாம வராதும்மா. புருசன் மேல என்ன கோவமோ, நீ இப்படிச் சொல்றே"ன்னாரு. பாவத்தைத் தலையில தூக்கிட்டு வந்து குடுத்தாலும் வாங்க மாட்டேங்கறாங்களேன்னு எனக்குத் தெகைப்பாப் போச்சு. அப்ப எங்கூட்டுக்காரரு, அன்னைக்கு மொதமொதலா வாயைத் தொறந்து, "ஓட்டிக் காட்டறேனுங்க"ன்னாரு. வெள்ளைக்காரம்மா வேண்டாம் வேண்டாம்னா. காலி வண்டி, காத்து டேங்க் நெறைஞ்சிருக்கு, மெதுவா வரட்டும், ஆளுங்க ஓரமா நிக்கட்டும்னு ஜப்பான்காரரு எடம் பார்த்துக் குடுத்தாரு.

ஊர்க்கவுண்டரு எல்லாரையும் ரோட்டு ஓரத்துல வரிசையா, ரோட்டுக்கு முதுகைக் காட்டி நிக்க வெச்சாரு. கண்ணை மூடிக்கங்க, வண்டின்னு காதுல பட்டதும் கையைத் தூக்குங்கன்னாரு. மஞ்சு லேசா எறங்கிக்கிட்டிருந்துச்சு. சின்னது பெருசு அத்தனை பேரும் மூச்சை அடக்கி நிக்கறாங்க. நான் அவங்களுக்கு எதுத்தாப்புல நின்னதால அவங்க மொகம் எனக்குத் தெரியுது. முதுகுக்குப் பின்னால மஞ்சைக் கிழிச்சுக்கிட்டு லாரி நழுவி வருது, அதுவும் தெரியுது. ஒரு கை எந்திரிக்கல. இன்னும் கிட்ட வருது. ஒரு கை எந்திரிக்கல. லாரியோட காத்து பொடனியில பட்ட பொறவுதான் மொதல் ஆளு கண்ணைத் தொறந்தான். அந்தக் களை வெட்டுன பொம்பளை திரும்பிப் பார்த்துட்டு அப்படியே மண்ணுல உக்காந்துட்டா.

செத்தவன் பொண்டாட்டி மட்டும் திரும்பி நிக்கல. கொழந்தையை இடுப்புல வெச்சுக்கிட்டு, மொதல்லருந்து ரோட்டைப் பார்த்தே நின்னா. லாரி அவளைத் தாண்டி நின்னுச்சு. எங்கூட்டுக்காரரு எறங்கி வந்து அவ கால்ல விழப் போனாரு. அவ பின்னால நகந்துக்கிட்டா.

"எஞ்சினைப் போடுங்க"ன்னா.

அவருக்கு வெளங்கல. மறுபடி சொன்னா. அவரு ஏறி ஸ்டார்ட் பண்ணுனாரு. மலை அதிர உறுமுச்சு. அவ கண்ணை மூடி அதைக் கேட்டுக்கிட்டு நின்னா. ரொம்ப நேரம் கேட்டா. கன்னத்துல தண்ணி வழியுது, தொடைக்கல.

"இது கேட்டிருந்தா நின்னிருப்பாரு. நல்ல காது அவருக்கு"ன்னா.

எஞ்சினை நிறுத்தச் சொன்னா. ஊரையே ஒருக்கா திரும்பிப் பார்த்தா. அப்பறம் எங்கூட்டுக்காரரைப் பார்த்து, "இப்பச் சொல்லுங்க, யாரு எடுத்தா எம்புருசனை?"ன்னா.

"நாந்தாங்க அம்மா"ன்னாரு. கொரல் வெளிய வரல, காத்துதான் வந்துச்சு.

"அவங்களுக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."